கதவில் ஒரு பெருக்கல் குறி

எங்கள் பழைய கார் பட்டறையில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "சார், அந்தக் காலத்துல ஸ்பேர் எங்க கிடைச்சுது?" கேட்கும்போதே முகத்தில் ஒரு பரிதாபம் வந்துவிடும், நான் ஏதோ பஞ்சத்தில் அடிபட்டு வந்தவன் மாதிரி. நீங்கள் கைபேசியில் படம் பார்த்து ஆர்டர் போட்டால் வாஷர் முதல் வைப்பர் வரை இங்கிலாந்திலிருந்து வாசலுக்கே வந்துவிடுகிறது. சந்தோஷம். வாங்கிப் போடுங்கள். ஸ்பேர் கிடைக்காத கதையை நான் சொல்லப்போவதில்லை. கிடைக்காவிட்டால் செய்துகொண்டோம், அவ்வளவுதான். ஆவடியில் கடைசல் வேலை தெரிந்த ஆளுக்கா பஞ்சம்?

நான் சொல்ல நினைப்பது வேறு. சுற்றிலும் கூட்டம் நிற்கும்போது, பின்னால் பஸ்காரன் ஹாரன் அடிக்கும்போது, கூட இருக்கிற சிநேகிதனே "அட, சும்மா போடு மாமே" என்று அவசரப்படுத்தும்போது என்ன முடிவெடுப்பது என்பதைப் பற்றி. நட்டு முறுக்குவதை உங்களுக்கு யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொடுப்பார்கள். இதைச் சொல்லிக்கொடுக்க ஆள் கிடைப்பது கஷ்டம். எனக்குக் கிடைத்தார். அவர் பெயரை எழுதக்கூடாது என்று உத்தரவு. உத்தரவு போட்டவரும் அவரேதான், அடுப்படியிலிருந்து. ஆகவே 'வீட்டுக்காரி' என்றே எழுதுகிறேன். அதற்கும் திட்டு விழும், பரவாயில்லை.

நம் அம்பத்தூர் பட்டறை ஷெட்டில் முதலாவதாக நிற்கிற பச்சை வண்டியை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். ஐம்பதுகளில் இங்கிலாந்தில் செய்தது. இரண்டே பேர் உட்காரலாம், நிரந்தரக் கூரை கிடையாது, கதவுக்கு வெளிப்பக்கம் கைப்பிடியும் கிடையாது. உள்ளே கையை விட்டு ஒரு கயிற்றை இழுத்தால்தான் கதவு திறக்கும். எண்பதுகளின் நடுவில் அது என் கைக்கு வந்தது. அதுவரை பூந்தமல்லியில் ஒரு டாக்டர் வீட்டு ஷெட்டில் கிடந்தது. எப்போதோ ரேடியேட்டரில் தண்ணீர் இல்லாமல் ஓட்டி, இன்ஜின் பிளாக்கில் விரிசல் விட்டுவிட்டது. அதோடு தள்ளி நிறுத்தியவர்கள் அதன் மேல் சிமென்ட் மூட்டை அடுக்கியிருந்தார்கள். லாரிக்குப் பின்னால் கயிறு கட்டி இழுத்து வந்தேன். குமணன்சாவடி முனையில் டீக்கடைக்காரர் பாய்லரை விட்டுவிட்டு வெளியே வந்து பார்த்தார்.

"இன்னா நைனா, குளிக்கிற தொட்டிய இஸ்துகினு போறே?"

சிரித்துக்கொண்டேதான் வந்தேன். ஆனால் உள்ளுக்குள் சுருக்கென்றது. இதே முனையில் இதே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து இவர் கடையிலேயே டீ குடிக்கிறேன் பார் என்று நினைத்துக்கொண்டேன். குடித்தேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், அந்தக் கதைக்குள் போகப்போவதில்லை.

அப்போது எனக்கு ஆவடியில் ராணுவ வண்டி செய்யும் இடத்தில் டூல் ரூம் வேலை. ஏழுமலை அங்கே இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தான். பட்டாபிராம்காரன், என் வயது. வாய் கொஞ்சம் நீளம், கை வேலை அதைவிட நேர்த்தி. இந்த வண்டியில் பாதி அவன் உழைப்பு. வீட்டுக்காரிக்குப் பாளையங்கோட்டைப் பக்கம். ராணுவத்துக்குச் சீருடையும் கூடாரமும் தைக்கும் இன்னொரு தொழிற்சாலையில் செக்கராக இருந்தாள். தைத்து வருகிற கூடாரத்தை விரித்துப் பார்த்து, சரி அல்லது தள்ளுபடி என்று சொல்கிற வேலை. வீட்டிலும் அதே வேலைதான், கேட்டால் நான் சாட்சி சொல்கிறேன்.

அந்த வண்டியின் இன்ஜினும் நம் அம்பாசடர் இன்ஜினும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். இது எல்லோருக்கும் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழுமலை மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் நல்ல அம்பாசடர் இன்ஜின் ஒன்றை ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் வீட்டு வாசலில் இறக்கினான். கூடவே டூல் ரூம் ஆட்கள் நாலைந்து பேர்.

"இந்தா மாமே. அப்டியே உக்காரும். ஒரு போல்ட்டு மாத்த வேணாம். சாயந்தரம் ஓட்டிக்கினு போயி பிரியாணி துன்னுட்டு வந்துரலாம்."

எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். ஒரு வருஷமாக விரிசல் விட்ட பிளாக்கை வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தவன் நான். வேண்டாம் என்றேன்.

ஏழுமலைக்குக் கோபம் வந்துவிட்டது. "ஓடாத வண்டிய வெச்சிக்கினு இன்னா, சூடம் காட்டப் போறியா?"

எனக்கு அந்த நேரத்தில் பெரிய விளக்கமெல்லாம் வரவில்லை. அம்பாசடர் ஓட்டுவதென்றால் அம்பாசடரே வாங்கியிருப்பேன் என்று மட்டும் சொன்னேன். வந்தவர்கள் டீ குடித்துவிட்டு, என்னைப் பைத்தியக்காரன் என்று முடிவு கட்டிக்கொண்டு போனார்கள். விளக்கம் பிறகு மெல்ல வந்தது. ரிங், பேரிங், தண்ணீர் பம்ப், கிளட்ச் தட்டு இவையெல்லாம் தேய்வதற்கென்றே பிறந்தவை. அதே அம்பாசடரிலிருந்து அவற்றை நான் கூசாமல் எடுத்துப் போட்டேன். பிளாக் அப்படியல்ல. அதை மாற்றினால் பெயர்தான் மிஞ்சும், வண்டி வேறாகிவிடும். உங்கள் கைக்கு வரும் ஒவ்வொரு வண்டியிலும் இந்தக் கோடு வேறு வேறு இடத்தில் இருக்கும். வண்டியைப் பிரிப்பதற்கு முன்பே அதைக் கண்டுபிடித்துவிடுங்கள். பிரித்துப் போட்ட பிறகு ஆளாளுக்கு ஒரு கோடு போடுவார்கள்.

விரிசலை வெல்டிங் வைக்காமல், அதன் ஓட்டத்திலேயே துளைகள் போட்டு, ஒன்றையொன்று கடிக்கும்படி திருகாணிகளை இறக்கித் தட்டிச் சேர்க்கிற வேலை ஒன்று உண்டு. தையல் போடுவது என்றுதான் சொல்வோம். அம்பத்தூர் எஸ்டேட்டில் அதைச் செய்கிறவர்கள் இருந்தார்கள். பிளாக் திரும்பி வந்த அன்று வீட்டுக்காரி கைவேலையை விட்டுவிட்டு வந்து குனிந்து பார்த்தாள்.

"என்னங்க, இரும்பையும் தைப்பாங்களா?" என்று கேட்டு நகத்தால் ஓட்டிப் பார்த்தாள். "நெருக்கமாத்தான் போட்டிருக்காவ."

அன்றிலிருந்து வண்டியில் அவளுக்கும் ஒரு பங்கு வந்துவிட்டது. மழைக்குப் போடுகிற மடக்குக் கூரையை கான்வாஸ் துணியில் அவளே வெட்டித் தைத்தாள். அதற்கு மேல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிவிட்டு என்னை உள்ளே உட்காரச் சொல்லிச் சோதித்தாள். ஒரு பொட்டு இறங்கவில்லை. ஊரில் பெரிய பெரிய ஆட்கள் வைத்திருந்த வண்டிகளின் கூரையெல்லாம் ஒழுகிய காலம் அது.

வண்டி ஓடத் தொடங்கியது. நான் எப்படி ஓட்டினேன், யார் யார் பார்த்தார்கள் என்று எழுதினால் இந்தக் காகிதம் போதாது. ஒரே ஒரு குறை இருந்தது. நிறுத்தி வைத்தால் இன்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவில், கீழே, ஒரு சொட்டு எண்ணெய் விழும். தினமும். பெரிய ஒழுக்கு ஒன்றும் இல்லை, ஒரு பொட்டு அளவு.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு பழக்கம் உண்டு. முடிந்து வருகிற வண்டியின் அடியில் வெள்ளைக் காகிதம் விரிப்பார்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் வண்டி வந்த வழியே திரும்பிப் போக வேண்டும். ஏழுமலை அந்தக் காகிதத்தை விரிக்கிற ஆள். அவனால் இந்தச் சொட்டைச் சகிக்க முடியவில்லை. ஒருநாள் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தவன் வெற்றியோடு வெளியே வந்தான். கிளட்ச் இருக்கிற கூட்டின் அடியில் ஒரு துளை. அதில் ஒரு ஸ்பிளிட் பின், இரண்டாகப் பிளந்த கம்பித்துண்டு, ஆடிக்கொண்டு தொங்குகிறது, எதையும் பிடிக்காமல், எதற்கும் உதவாமல்.

"வெள்ளக்காரன் மறந்துட்டுப் போயிருக்கான் மாமே. முப்பது வருசமா எவனும் கவனிக்கல."

பின்னைப் பிடுங்கிவிட்டு அந்தத் துளைக்குப் பித்தளையில் ஒரு அடைப்பான் கடைந்து கொண்டுவந்தான். அவ்வளவு அழகான அடைப்பானை நான் என் சர்வீஸில் பார்த்ததில்லை. கட்டை விரலால் அழுத்தினால் போய் உட்காரும், பிறகு எதற்கும் அசையாது. சொட்டு அன்றோடு நின்றது. காகிதம் விரித்துப் பார்த்தோம், வெள்ளையாகவே இருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் தலைகால் புரியவில்லை. இங்கிலாந்துக்காரன் செய்யாததை ஆவடிக்காரன் செய்துவிட்டான் என்று காலனி முழுக்கச் சொல்லித் திரிந்தோம்.

அதற்குப் பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குக் கிளம்பினோம். வீட்டுக்காரி நல்ல பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முதன்முறையாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் உட்கார வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை வருஷம் கையெல்லாம் கிரீஸாகத் திரிந்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா? உண்மை அதுதான். அவளிடம் சொன்னதில்லை.

எங்கள் வீட்டுக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவே ரயில்வே கேட். ரயில் போய் கேட் திறந்ததும் சைக்கிள், ஸ்கூட்டர், பஸ் எல்லாம் முண்டியடித்துக்கொண்டு கிளம்பின. தண்டவாளம் மேட்டில் இருக்கும், ஏறித்தான் கடக்க வேண்டும். நான் கிளட்சை விட்டேன். இன்ஜின் கர்ஜித்தது. வண்டி நகரவில்லை. ஆக்சிலேட்டரை மிதித்தேன். சத்தம் கூடியதே தவிர முன் சக்கரம் தண்டவாளத்தைத் தொட்ட இடத்திலேயே நின்றது. ஏதோ கருகுகிற வாடை. பின்னால் பஸ் ஹாரன். கேட் அறையில் மணி அடிக்கத் தொடங்கியது, எதிர்ப்பக்கம் இன்னொரு மின்சார ரயில்.

கேட்கீப்பர் பச்சைக்கொடியைச் சுருட்டிக்கொண்டு ஓடிவந்தார். "இன்னாபா, பொம்மக் காரா இது? நவுத்து, நவுத்து! வண்டி வந்துகினு கீது!"

"போவுதா போவலையா?" என்றாள் வீட்டுக்காரி.

இந்த இடத்தைக் கவனியுங்கள். உங்களுக்கும் ஒருநாள் இது வரும். தொடர்ந்து மிதித்தால் ஏறிவிடும் என்றுதான் கால் சொல்லும். இன்னும் ஒரே ஒரு தரம் என்று கெஞ்சும். ஊரே பார்க்கிறதே என்ற மானம் வேறு. நான் இன்ஜினை அணைத்தேன். கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு, "இறங்கு, தள்ளணும்" என்றேன். அவள் ஏற்கனவே இறங்கிவிட்டிருந்தாள். பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு பின்பக்கம் போய் நின்றாள். பஸ்ஸிலிருந்து கண்டக்டரும் நாலு பேரும் குதித்தார்கள். வண்டி லேசான வண்டி, ஒரே தள்ளில் மேடேறி அந்தப் பக்கம் உருண்டது. கேட் இறங்கியது. ரயில் தாமதமில்லாமல் போனது.

இன்றுவரை அந்த ஒரு முடிவுக்காக என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொள்வேன். முடியாது என்று இயந்திரம் சொல்லும்போது அதோடு வாதாடாதீர்கள். காரணத்தை வீட்டில் வைத்துக் கேட்டுக்கொள்ளலாம்.

ஓரமாக நிறுத்திவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரி இடுப்பில் செருகிய புடவையை இறக்கிவிட்டாள். கைப்பையைத் திறந்து மெழுகுச் சாக்பீஸை எடுத்தாள். கூடாரத் துணியில் சாதாரணச் சாக் நிற்காது, மழையில் போய்விடும், அதனால் செக்கர்களுக்கு மெழுகு சேர்த்த சாக். அது இல்லாமல் அவள் கோயிலுக்குக்கூடப் போவதில்லை. அவள் உட்கார்ந்து வந்த பக்கத்துக் கதவில், பச்சைப் பெயின்டின் மேல், வெள்ளையாக ஒரு பெருக்கல் குறி போட்டாள். உள்ளங்கை அகலம் இருக்கும். போட்டுவிட்டு ரிக்‌ஷா பிடித்துக் கோயிலுக்குப் போய்விட்டாள்.

அந்தக் குறிக்கு அர்த்தம் தள்ளுபடி. அவர்கள் தொழிற்சாலையில் அதற்கு ஒரு சட்டம் உண்டு. குறி போட்ட செக்கர் மட்டும்தான் அதை அழிக்கலாம். தைத்தவர் அழித்தால் வேலை போய்விடும். சரிசெய்துவிட்டேன், அழியுங்கள் என்று போய்க் கேட்கவும் கூடாது. சரிசெய்து கொண்டுபோய் வைக்க வேண்டும். அவர்களாகப் பார்க்க வேண்டும்.

அடுத்த நாள் சாயந்தரம் வீட்டு ஷெட்டில் பெரிய விவாதம். கிளட்ச் தட்டு மட்டமான சரக்கு, அதான் பிடிக்கவில்லை என்றான் ஏழுமலை. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான், போய்ச் சட்டையைப் பிடிக்கலாம் என்றான். ஸ்பிரிங் போயிருக்கும் என்றேன் நான். வீட்டுக்காரி டீ கொண்டுவந்து வைத்தாள். நாங்கள் பேசுவதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கடைசியா வண்டியில என்ன வேல செஞ்சீங்க?"

"ஒண்ணும் இல்லீங்க அண்ணி. ஒழுக்குதான் நிறுத்துனோம்," என்றான் ஏழுமலை.

"எப்படி நிறுத்துனீங்க?"

பெருமையாக அடைப்பான் கதையைச் சொன்னான். அவள் யோசித்தாள்.

"எண்ணெ வாரது நின்னுச்சா, இல்ல வெளிய விழுறது நின்னுச்சா?"

காகிதம் வெள்ளையாக இருந்ததைச் சொன்னேன்.

"நீங்க வாசலத்தான அடைச்சீங்க. உள்ள வாரது வந்துக்கிட்டுத்தான இருக்கும்? அப்ப அது எங்க போச்சு?"

ஏழுமலை டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வண்டிக்கு அடியில் போனான். அடைப்பானைப் பிடுங்கினான். கருப்பு எண்ணெய் கொடகொடவென்று அவன் சட்டை மேலேயே கொட்டியது. கிளட்ச் தட்டு முழுக்க எண்ணெயில் ஊறி, பிடிக்க முடியாமல் வழுக்கியிருக்கிறது என்று பிறகு இன்ஜினை இறக்கிப் பார்த்தபோது தெரிந்தது. இந்த இன்ஜினுக்குப் பின்பக்கம் இறுக்கமான சீல் கிடையாது. கொஞ்சம் கசியும், கசிந்தது அந்தத் துளை வழியாக வெளியே போய்விடும். துளையில் அழுக்கு அடைத்துக்கொள்ளாமல் இருக்கத்தான் அந்தப் பின் ஆடிக்கொண்டே தொங்குகிறது. ஆடுவதுதான் அதற்கு வேலை. இறுக்கமாக இருப்பது எல்லாம் நல்லது என்று பழகிய எங்கள் கைக்கு அது பிழையாகத் தெரிந்துவிட்டது.

ஏழுமலை வெளியே வந்து சட்டையைப் பார்த்தபடி நின்றான். "எம்மேலதான் தப்பு மாமே," என்றான்.

"தப்பு யாருதுன்னு இங்க ஒருத்தரும் கேக்கலியே," என்றாள் வீட்டுக்காரி. "கூடாரத்துல தண்ணி வடியுததுக்கு அடியில ஒரு கண்ணு விட்டிருப்போம். புதுசா வார பிள்ளைக கிழிஞ்சிருக்குன்னு நெனச்சு அதையும் சேத்துத் தைச்சிருதுக. நல்ல எண்ணத்துலதான் தைக்குதுக. சட்டையக் கழட்டிக் குடுங்க, ஊற வைக்கேன்."

பிள்ளைகளே, என் தொழில் முழுக்க நான் கையில் வைத்திருந்த கேள்வி அதுதான். ஒரு குறை திடீரென்று காணாமல் போனால் சந்தோஷப்படாதீர்கள். அது எங்கே போனது என்று கேளுங்கள். சத்தம் நின்றுவிட்டதா, எங்கே போனது? சூடு குறைந்துவிட்டதா, எங்கே போனது? இந்தக் கேள்வியைக் கேட்டு நான் காப்பாற்றிய இன்ஜின்களை வரிசையாக நிறுத்தினால் அம்பத்தூர் தாண்டும். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன்.

வண்டி சரியானது. பின் மறுபடி தொங்கியது, சொட்டு மறுபடி விழுந்தது. ஏழுமலை அதைப் பார்க்க நேரும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆனால் கதவில் பெருக்கல் குறி அப்படியே இருந்தது. நான் கேட்கவில்லை, கேட்கக் கூடாதே. அவளும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஏழுமலைதான் பொறுக்காமல் கேட்டுவிட்டான்.

"அண்ணி, எப்பதான் அழிப்பீங்க?"

"கூடாரத்தையே மழைக்காலம் முழுக்க வெளிய போட்டுத்தான் எடுப்போம். இது ஆளு ஏறுத வண்டி."

மழைக்காலம் போயிற்று. வெயில் காலமும் போயிற்று. பக்கத்து சீட்டைக் காலியாக வைத்துக்கொண்டே வண்டியை ஓட்டினேன். ஏழுமலை ஏறப் பார்த்தான், அவனையும் ஏற்றவில்லை. வண்டியைக் கழுவும்போது குறியைச் சுற்றிக் கழுவுவேன். ஐயப்பன்தாங்கல் பக்கம் போனால் டிப்போ வாசலில் டிரைவர்கள் கூப்பிட்டுக் கேட்பார்கள், "அண்ணாத்தே, இன்னா கணக்குப் பாடமா?" என்று. வருத்தமாகத்தான் இருந்தது. ஊரெல்லாம் மெச்சுகிற வண்டியில் அவள் மட்டும் ஏறவில்லை என்பது சாப்பாட்டில் கல் மாதிரி எனக்கு.

அந்தச் சமயத்தில்தான் சென்னையில் பழைய கார்களின் ஊர்வலம் ஒன்றுக்கு என்னையும் கூப்பிட்டார்கள். மைதானத்தில் வரிசையாக நிறுத்தி நடுவர்கள் பார்த்து மார்க் போடுவார்கள், பிறகு ஊர்வலம். வந்தவர்களில் பெரும்பாலோர் பெரிய பங்களாக்காரர்கள். டூல் ரூமில் சம்பளம் வாங்கி, சொந்தக் கையால் மீட்டு, சொந்தக் கையால் ஓட்டிவந்தவன் நான் ஒருவன்தான் என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. நெஞ்சு நிமிர்ந்துதான் நின்றேன். "நான் வரலை, வேல இருக்கு" என்று வீட்டுக்காரி முந்தின நாளே சொல்லியிருந்தாள்.

நடுவர்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், ஏற்பாடு செய்தவர்களில் ஓர் இளைஞர் பதறிக்கொண்டு வந்தார். "சார், கதவுல ஏதோ கிறுக்கியிருக்கு. சீக்கிரம் தொடச்சிடுங்க. பெயின்டுக்குத் தனி மார்க்."

அக்கம்பக்கத்து வண்டிக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பஸ்ஸில் வந்திருந்த ஏழுமலை முன்யோசனையோடு பெட்ரோலில் நனைத்த துணியை எடுத்துவந்திருந்தான்.

"தொடச்சிடலாம் மாமே. ஊட்டுக்குப் போனதும் நானே அண்ணிகிட்ட சாக்பீஸ் வாங்கி மறுபடி போட்டுடறேன். யாருக்குத் தெரியப் போவுது?"

நல்ல யோசனைதான். பரிசு கிடைக்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும், அவ்வளவு சுத்தமாக இருந்தது வண்டி. துணி கதவுக்கு ஒரு சாண் தூரத்தில் வந்தபோது அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"வேணாம்டா. அது நம்ம அழிக்கிறது இல்ல."

தொப்பி போட்ட நடுவர் ஒருவர் வந்தார். வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தையல் போட்ட பிளாக்கைப் பார்த்து இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு கதவுக்கு வந்தார்.

"வாட் இஸ் திஸ்? யாராவது வம்புக்குப் போட்டாங்களா?"

"இல்லை சார். தள்ளுபடிக் குறி. ரயில்வே கேட்ல வண்டி நின்னுபோச்சு, அதுக்காகப் போட்டது. கோளாறைச் சரிபண்ணியாச்சு. ஆனா போட்டவங்கதான் வந்து எடுக்கணும்."

"யார் போட்டது?"

"எங்க வீட்டுக்காரங்க. செக்கர்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நடுவரும் சிரித்துவிட்டுக் குனிந்து பார்த்தார். அடியில் புதிதாக ஒரு சொட்டு விழுந்திருந்தது. மற்றவர்கள் தங்கள் வண்டிக்கு அடியில் அட்டை வைத்து, விழுந்ததைத் துடைத்திருந்தார்கள். நான் வைக்கவில்லை. பெயின்டுக்கு வெட்டு, ஒழுக்குக்கு வெட்டு. பரிசு கிடைக்கவில்லை. ஏழுமலை என்னிடம் பேசாமல் மோர் வாங்கிக் குடிக்கப் போய்விட்டான்.

ஊர்வலம் முடிந்து எல்லோரும் கலையும் நேரம். நான் பானெட்டை மூடிவிட்டுத் திரும்பினேன். கயிறு கட்டியிருந்த ஓரத்தில் வீட்டுக்காரி நின்றுகொண்டிருந்தாள். வேலைக்குக் கட்டுகிற அதே காட்டன் புடவை, தோளில் கைப்பை.

"நீ எப்ப வந்தே?"

"அந்தத் தொப்பிக்காரர் வரும்போதே வந்துட்டேன். பஸ்ஸுல."

அப்படியானால் எல்லாம் பார்த்திருக்கிறாள். புடவையை ஒதுக்கிக்கொண்டு வண்டிப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அடியில் எட்டிப் பார்த்தாள். பின் லேசாக ஆடியது, அதன் நுனியில் ஒரு சொட்டு திரண்டு விழுந்தது. அது விழுகிற வரைக்கும் காத்திருந்து பார்த்தாள். எழுந்து, கதவுக்குள் கையை விட்டுக் கயிற்றை இழுத்துத் திறந்து உள்ளே ஏறி உட்கார்ந்தாள்.

"எடுங்க. கேட் வழியாவே போங்க."

குறியைத் தொடவில்லை. ஓட்டிப் பார்க்காமல் எந்தச் செக்கர் அழிப்பாள்? பாடி தாண்டி, அம்பத்தூர் தாண்டி வந்தோம். காற்றில் அவள் தலைமுடி கலைந்து முகத்தில் அடித்தது, ஒதுக்கிக்கொள்ளவில்லை. கேட் மூடியிருந்தது. வேண்டுமென்றே மேட்டுச் சரிவிலேயே நிறுத்தச் சொன்னாள். ரயில் போனது. கேட் திறந்தது. அவள் சாலையைப் பார்க்கவில்லை, கிளட்ச் மேலிருந்த என் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்ல விட்டேன். வண்டி தண்டவாளத்தின் மேல் ஏறி, இறங்கி, வழக்கம்போல் போனது.

வீட்டு வாசலில் இறங்கினாள். கைப்பையிலிருந்து ஒரு துணித் துண்டை எடுத்து ஷெட்டிலிருந்த மண்ணெண்ணெய் தொட்டு, பெருக்கல் குறியின் ஒரு கோட்டை முதலில், பிறகு மற்றதை, மேலிருந்து கீழாகத் துடைத்தாள். நான் இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு பெருமையாக இருந்தது.

அவர்கள் மேஜையில் ஒரு வழக்கம். தேறிய துணியை நன்றாக இருக்கிறது என்று எந்தச் செக்கரும் சொல்வதில்லை. மடித்து ஓரமாகத் தள்ளிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்து ஒரே ஒரு சொல் சொல்வார்கள், அவ்வளவுதான். துடைத்து முடித்தவள் துணியை மடித்துப் பையில் வைத்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அடுத்தது," என்றாள்.

தொழிற்சாலை வேலையை விட்டு இந்தப் பட்டறையைத் தொடங்குவோமா என்று நான் மனதுக்குள் வைத்து உருட்டிக்கொண்டிருந்தது அவளுக்கு எப்படித் தெரிந்ததோ தெரியாது. மறுநாள் ஏழுமலை வீட்டுக்குப் போய், எங்காவது ஓடாத வண்டி கிடந்தால் சொல் என்றேன்.